வலியில்லாத தோலடிக் கட்டிகள்: எதை விட்டுவைக்கலாம், எதை உடனே காட்ட வேண்டும்?

கரிசல்காட்டான்:
அனைவருக்கும் வணக்கம். என் வலது தோள்பட்டைக்குப் பின்புறம் தோலுக்கடியில் ஒரு கட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது. அழுத்தினால் மெத்தென்று இருக்கும், விரலுக்கு நழுவும், வலி இன்றுவரை துளியும் இல்லை. அண்மையில் முன்கையிலும் அதேபோலச் சிறிதாக ஒன்று தட்டுப்படுகிறது. என் தகப்பனாருக்கும் முதுகிலும் கைகளிலும் இப்படிப் பல கட்டிகள் இருந்தன; அவற்றால் அவருக்குத் தொந்தரவு எதுவும் வந்ததில்லை. வீட்டில் இப்போது இரண்டு கட்சிகள். வலிக்காத கட்டியை நோண்டவே கூடாது என்கிறார் என் அத்தை. வலிக்காத கட்டிதான் புற்றுநோய் என்று எங்கோ படித்துவிட்டு, உடனே வெட்டி எடுத்தாக வேண்டும் என்கிறாள் மகள். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினால் தானே கரைந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரரும் தம் பங்குக்குச் சொல்லிப் போனார். மருத்துவத் துறையில் இருப்பவர்களும், இதை அனுபவித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அறுவையரங்கு (பொது அறுவை மருத்துவர்):
ஐயா, பார்க்காமலும் தொடாமலும் உங்கள் கட்டி இன்னதுதான் என்று இணையத்தில் சொல்வது முறையன்று. ஆனால் புறநோயாளர் பிரிவில் ஒரு கட்டியை நாங்கள் எப்படி எடைபோடுகிறோம் என்பதைச் சொல்லலாம்.

திசு அழற்சியடையும்போதும், சீழ் கோக்கும்போதும், நரம்பு அழுத்தப்படும்போதும்தான் பெரும்பாலும் வலி எழுகிறது. இவற்றில் எதையும் செய்யாமல் மெதுவாக வளரும் கட்டி, அது வெறும் கொழுப்பாக இருந்தாலும் புற்றுநோயாக இருந்தாலும், வலிக்காமலே இருக்கக்கூடும். ஆகவே உங்கள் அத்தையும் மகளும் ஒரே தவற்றை இரு பக்கங்களிலிருந்து செய்கிறார்கள்: இருவருமே வலியை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்பது வேறு. கட்டி உடலின் எந்த இடத்தில் இருக்கிறது, தோலோடு ஒட்டியிருக்கிறதா, தோலுக்கும் தசைக்கும் இடையில் இருக்கிறதா, தசைக்கு உள்ளேயா, அளவு என்ன, எவ்வளவு காலத்தில் அந்த அளவை எட்டியது, மென்மையாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பவையே எங்கள் கேள்விகள். ஆழத்தை அறிய, அடியிலுள்ள தசையை இறுக்கச் சொல்வோம். தசைக்கு மேலே இருக்கும் கட்டி அப்போது முன்னைவிடத் தெளிவாகத் துருத்தி நிற்கும். தசைக்குள் இருப்பது மங்கிப்போகும், அசைத்தாலும் அசையாது.

நீங்கள் விவரிப்பது கொழுப்புக்கட்டியை, அதாவது லிப்போமாவை, ஒத்திருக்கிறது. கொழுப்புச் செல்கள் ஒரு மெல்லிய உறைக்குள் திரண்டு வளர்வது அது. 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் அதிகம் காண்கிறோம். கழுத்து, தோள், முதுகு, கைகள், தொடை ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். பெரும்பாலானவை 5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஓரத்தை விரலால் அழுத்தினால் விரலுக்கடியிலிருந்து அது வழுக்கிச் செல்வது அதன் தனி அடையாளம். தந்தைக்குப் பல கட்டிகள் இருந்தன என்பதும் பொருந்துகிறது, ஏனெனில் பல கொழுப்புக்கட்டிகள் தோன்றும் இயல்பு சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதுண்டு. இருந்தாலும் ஒரு மருத்துவர் ஒருமுறை கைவைத்துப் பார்க்கட்டும்.

மீனாட்சிபுரத்தாள்:
மருத்துவர் ஐயா, கொழுப்புக்கட்டி என்ற பெயரைக் கேட்டதும் நானும் நெய்யையும் தேங்காயையும் ஒதுக்கிவிட்டேன். எடையும் ஓரளவு குறைந்தது. கட்டி மட்டும் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறதே, இது எப்படி?

அறுவையரங்கு:
அம்மா, கட்டி பெரிதாகவில்லை, சுற்றியிருந்த கொழுப்பு வற்றியதால் எடுப்பாகத் தெரிகிறது என்றுதான் தோன்றுகிறது. சந்தேகமிருந்தால் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பட்டினி கிடந்தாலும் உடல் அந்தக் கட்டியிலிருக்கும் கொழுப்பை எடுத்துச் செலவிடுவதில்லை. பல கொழுப்புக்கட்டிகளில் 12ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இடம் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சாப்பிட்ட நெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. எடையைக் குறைத்தது இதயத்துக்கு நல்லது, அதைத் தொடருங்கள்.

தையலறை (செவிலியர்):
கொழுப்புக்கட்டி என்று மக்கள் சொல்லிக்கொண்டு வருபவற்றில் ஒரு பெரும் பங்கு கொழுப்புக்கட்டியே அல்ல என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன். முகம், கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் தோலோடு ஒட்டி உருண்டையாக இருந்து, நடுவில் கரும்புள்ளி போல ஒரு சிறு துளை தெரிந்தால், அது தோலின் மேலடுக்குச் செல்கள் உள்ளே ஒரு பையாக அமைந்துவிட்டதால் வருவது. அந்தப் பைக்குள் இருப்பது கொழுப்பன்று. நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் குழைந்து, நாற்றமடிக்கும் வெண்ணிறக் கூழாகச் சேர்ந்திருக்கிறது. தலையில் வருவது இதன் ஒன்றுவிட்ட உறவு. அதற்குத் துளை இருக்காது, குடும்பத்தில் பலருக்கு வரும்.

பிதுக்கினால் கூழ் வெளியே வருவதால் கட்டி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பை உள்ளேயே இருப்பதால் அது மீண்டும் நிரம்புகிறது. பிதுக்கும்போது பை உள்ளுக்குள் கிழிந்தால், கூழ் சுற்றியுள்ள திசுவில் பரவி, ஒரே இரவில் சிவந்து வீங்கிக் கடுமையாக வலிக்கத் தொடங்கும். அந்த நிலையில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் சீழை வடித்துவிட்டு, புண் ஆறி அழற்சி அடங்கிய பிறகுதான் பையை முழுமையாக எடுக்க முடிகிறது. வலியில்லாத காலத்தில் வந்திருந்தால் ஒரே முறையில், சிறிய தழும்போடு முடிந்திருக்கும்.

மூலிகைத்தோட்டம்:
சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டு அமுங்கிய கட்டிகளை எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எடுத்ததற்கெல்லாம் கத்தியைத் தூக்குவது ஒன்றுதான் வழி என்று இந்த இழை போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தையலறை:
ஐயா, இங்கே இதுவரை எவரும் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. மருத்துவர் விட்டுவைக்கலாம் என்ற பக்கமே சாய்ந்திருக்கிறார். நீங்கள் பார்த்தவை சிவந்து வலித்த கட்டிகளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அழற்சி தானாகவும் தணியும், உடைந்து சீழ் வடிந்தாலும் தணியும். பற்றுக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்கிறது. வலியே இல்லாத கொழுப்புக்கட்டிக்கு மேலே போடும் எதுவும் தோலைத் தாண்டி அதைக் கரைத்து நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பு காரம் மிக்கது என்பதால் கட்டியை விட்டுவிட்டுத் தோலைப் பொசுக்கிவிடுகிறது. எருக்கம்பாலைத் தடவிக்கொண்டு புண்ணோடு வருபவர்களுக்கும் கட்டுப் போட்டிருக்கிறேன். அதே கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழியே பாதிக்கப்படும்.

மூலிகைத்தோட்டம்:
எருக்கம்பால் விஷயத்தில் உடன்படுகிறேன். முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் எவரும் கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் அதைத் தடவச் சொல்ல மாட்டார். நான் சொல்ல வந்தது, பணம் பிடுங்குவதற்காகச் செய்யப்படும் தேவையற்ற அறுவைகளும் உண்டு என்பதைத்தான்.

அறுவையரங்கு:
அது உண்மையே, மறுப்பதற்கில்லை. உறுத்தாத, வளராத, தோற்றத்தைக் கெடுக்காத கொழுப்புக்கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று எவராவது சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நல்ல கொழுப்புக்கட்டி நாளடைவில் புற்றுநோயாக மாறிவிடும் என்பது அந்த ஏனுக்குப் போதுமான பதில் அன்று, ஏனெனில் கொழுப்புத்திசுப் புற்றுநோய் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே தனியாகத் தோன்றுவதுதான்.

வைகைக்கரை:
கழுத்துக் கட்டிகளைப் பற்றி எவரும் இன்னும் எழுதாததால் எழுதுகிறேன். என் நாத்தனாருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் வலியில்லாமல் இரண்டு மூன்று கட்டிகள் தோன்றின. காய்ச்சல் அவ்வப்போது மாலையில் வந்து போனது. உடல் சற்று மெலிந்தது. முதலில் பார்த்த இடத்தில் கொழுப்புக்கட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில மாதங்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு வேறொரு மருத்துவமனையில் எஃப்.என்.ஏ.சி. என்னும் ஊசிப் பரிசோதனை செய்து, நிணநீர்ச் சுரப்பியில் வந்த காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். பழைய வழக்கில் கண்டமாலை என்று சொல்வது இதைத்தான் என்று மாமியார் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கியது. நுரையீரலில் நோய் இல்லாததால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றாது என்று சொன்னது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைத்தது, ஆறு மாதச் சிகிச்சை. ஊட்டச்சத்துக்கென மாதந்தோறும் வங்கிக் கணக்கில் பணமும் வந்தது; முன்பு 500 ரூபாயாக இருந்த அந்த உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது.

ஒன்றை மட்டும் எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி குறையாமல் பெரிதானது. மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து நிறுத்தப் பார்த்தோம்.

அறுவையரங்கு:
நிறுத்தாமல் விட்டது நல்லது, அம்மா. இறக்கும் கிருமிகளுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கிளர்ந்தெழுவதால், சிகிச்சையின் நடுவே சுரப்பிகள் பெரிதாவதும் புதிதாக ஒன்றிரண்டு தோன்றுவதும் உண்டு. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகக்கூடும். பெரிதானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், மாத்திரையைத் தொடர வேண்டும். இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்களில் நிணநீர்ச் சுரப்பியைத் தாக்குவதே மிகுதி. ஆகையால் கழுத்துக் கட்டியைப் பார்த்தவுடன் நாம் அதை நினைக்க வேண்டும்.

நெறிக்கட்டிகளை, அதாவது வீங்கிய நிணநீர்ச் சுரப்பிகளை, பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வலியில்லாத கட்டிகளில் நான் அதிகம் கவலைப்படுவது இவற்றுக்காகத்தான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கிலும், தொண்டை கட்டினால் தாடைக்கடியிலும், தலையில் பேனும் சொறியும் இருந்தால் பிடரியிலும் நெறி கட்டுவது இயல்பு. காரணம் தீர்ந்ததும் சில வாரங்களில் அடங்கும். குழந்தைகளின் கழுத்தில் பயறளவில் சில எப்போதும் தட்டுப்படும், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, காரணம் எதுவும் தெரியாமல் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு மேல் நிலைத்திருந்தால் காட்ட வேண்டும். அதோடு இரவில் ஆடை நனையுமளவு வியர்ப்பதும், முயலாமலே எடை குறைவதும், விட்டுவிட்டுக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோயா, நிணநீர்ப் புற்றுநோயா என்று பிரித்தறிவது அவசரமாகிறது. காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் கட்டி வந்தால் நான் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அந்த இடத்துச் சுரப்பி, குறிப்பாக இடப்பக்கத்தில், வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் வெளியே காட்டும் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பின் மூலையில் வரும் கட்டியும் அடிக்கடி ஏமாற்றுகிறது. தோல் கட்டி என்று எண்ணிச் சிறு அறுவை அறையிலேயே எடுக்க முனைவார்கள். அது பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருந்தால், முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியினூடேதான் செல்கிறது. அக்கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவையே. ஆயினும் அவசரக் கத்தி பட்டால் வாய் கோணிவிடும்.

ஓய்வுபெற்ற அஞ்சலர்:
பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவன் நான். தொப்புளின் இரு பக்கமும் மெத்தென்று இரண்டு மேடுகள் இருக்கின்றன; அங்கே ஊசி குத்தினால் வலிப்பதே இல்லை என்பதால் அங்கேயே போட்டுக்கொள்கிறேன். இவையும் கொழுப்புக்கட்டிகளா?

அறுவையரங்கு:
இல்லை ஐயா, நீங்கள் கேட்டது மிக நல்லதாயிற்று. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் செலுத்தப்படும்போது அங்குள்ள கொழுப்புத்திசு தடித்துவிடுகிறது. வலி தெரியாததால் பலரும் அங்கேயே தொடர்ந்து போட, மேடு மேலும் வளர்கிறது. அந்த மேட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் உறிஞ்சப்படுவதால் சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கும். இடத்தை மாற்றிப் போடுவதுதான் தீர்வு. ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு விரல் அகல இடைவெளி விட்டு, வயிறு, தொடை என்று சுழற்சியாகப் போட வேண்டும். ஆனால் இன்று இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே பழைய அளவை நல்ல இடத்தில் போட்டுவிடாதீர்கள். அங்கே இன்சுலின் முழுமையாக உறிஞ்சப்பட்டு, சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். உங்கள் மருத்துவரிடம் பேசி அளவைக் குறைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):
வணக்கம். எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றையும் பதிகிறேன். இலங்கையில் நாய்களின் தோலுக்கடியில் வாழும் டைரோஃபிலேரியா என்னும் புழு நுளம்புக் (கொசுக்) கடியால் மனிதருக்கும் வருவதுண்டு. கேரளத்திலும் இது பதிவாகியிருக்கிறது. மனித உடலில் அது பெரும்பாலும் முழு வளர்ச்சி பெற்றுப் பெருகுவதில்லை; தோலுக்கடியில் ஒரு சிறு கட்டியாகத் தங்கிவிடும், சிலருக்குக் கண்ணின் வெண்படலத்துக்கடியில் நெளிவது தெரியும். எங்கள் உறவுக்காரச் சிறுவன் ஒருவனுக்குக் கன்னத்தில் வந்த கட்டியை வைத்தியசாலையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே புழு இருந்தது தெரியவந்தது. எடுத்ததோடு சிகிச்சையும் முடிந்தது. கட்டி இடம் மாறி இடம் மாறித் தோன்றியது என்று பெற்றோர் சொன்னதை வைத்தே வைத்தியர் அதை ஊகித்திருந்தார்.

திசுக்கண்ணாடி (நோயியல் ஆய்வக நுட்பர்):
யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. புழுக்கட்டிகளில் இன்னொன்றும் உண்டு: பன்றி நாடாப்புழுவின் முட்டை உணவிலும் நீரிலும் கலந்து உடலுக்குள் சென்றால், தசையிலும் தோலுக்கடியிலும் வலியற்ற சிறு கட்டிகள் பல தோன்றும். பன்றி இறைச்சியே தொடாதவர்களுக்கும் இது வருகிறது, ஏனெனில் முட்டை வருவது மனித மலம் கலந்த நீரிலிருந்தும் கழுவாத கைகளிலிருந்தும்தான். அத்தகைய கட்டியோடு வலிப்பு நோயும் இருந்தால் மூளையையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதைவிட முதன்மையாகத் தோன்றும் கவலை வேறு. எடுத்த கட்டி பார்ப்பதற்குக் கொழுப்புதானே என்று குப்பையில் போடப்படுவது இன்றும் நடக்கிறது. மருத்துவரின் கண்ணுக்கும் கொழுப்பாகத் தெரிவது நுண்ணோக்கியில் வேறாக இருக்கக்கூடும். சிறிய செலவுதான், எடுக்கும் கட்டியைப் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி நோயாளியே கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. தொடையிலோ புட்டத்திலோ ஆழமாக, 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டியை, முன்பரிசோதனை இல்லாமல் முழுதாக வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். அது மென்திசுப் புற்றுநோயாக இருந்துவிட்டால், முதல் அறுவையில் புற்றுச் செல்கள் சுற்றிலும் சிதறிப்போயிருக்கும். மறுபடி பெரிதாக வெட்ட வேண்டியதாகிறது. இத்தகைய கட்டிக்கு முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு தடித்த ஊசியால் திசு எடுத்துப் பயாப்சி, அதன் பிறகுதான் அறுவை என்பதே முறை.

அறுவையரங்கு:
முழுமையாக வழிமொழிகிறேன். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்வது, தசைக்குள் ஆழ்ந்தது, எடுத்த இடத்திலேயே திரும்ப வருவது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் வலியைப் பற்றி யோசிக்காமல் வாருங்கள்.

மார்பகக் கட்டிக்கு இந்த இழையின் கணக்கே பொருந்தாது. இளம்பெண்களுக்கு வரும் வழுக்கியோடும் கட்டி பெரும்பாலும் சாதுவானது. ஆனால் மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், எந்த வயதிலும் தொட்டுப் பார்த்தல், ஸ்கேன், ஊசிப் பரிசோதனை ஆகியவற்றை முடித்த பிறகே விட்டுவைக்கலாமா என்று பேச வேண்டும். ஆண்களின் விதையில் வரும் வலியற்ற கெட்டியான கட்டிக்கும் அதே அவசரம் உண்டு. 20 முதல் 40 வயதுக்காரர்கள் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பதைக் காண்கிறேன். அங்கே ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்வோம், விதைப்பை வழியாக ஊசி குத்தமாட்டோம்.

மீனாட்சிபுரத்தாள்:
பிறந்ததிலிருந்தே என் பேத்தியின் இடுப்புக்கு மேலே நடுமுதுகில் மெத்தென்று ஒரு மேடு இருக்கிறது. அதையும் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாமா?

அறுவையரங்கு:
கூடவே கூடாது அம்மா. குழந்தையின் முதுகுத்தண்டின் நடுக்கோட்டில் இருக்கும் கொழுப்புக்கட்டி தண்டுவடத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம். அதன் மேல் குழி, முடிக்கற்றை, சிவந்த மச்சம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்து, குழந்தைகள் அறுவை மருத்துவரோ நரம்பியல் அறுவை மருத்துவரோ பார்க்காமல் எவரும் கைவைக்கக் கூடாது. நடை தடுமாறுகிறதா, சிறுநீர் சொட்டுகிறதா என்றும் கவனியுங்கள். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டி ஸ்கேனும் எடுத்துவிட்டேன். தோளில் இருப்பது 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தசைக்கு மேலே, உறைக்குள் அடங்கியிருக்கிறது, கொழுப்புக்கட்டி என்றார்கள். முன்கையிலிருப்பதும் அதுவே. தோளில் பை மாட்டும்போது உறுத்துவதால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அத்தைக்கு முன்கை, மகளுக்குத் தோள் என்று பஞ்சாயத்தும் முடிந்தது. எடுத்த கட்டியை நானே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்கிறார்கள். எதில் வைத்துக் கொண்டுபோவது?

திசுக்கண்ணாடி:
அறுவை அறையிலேயே ஃபார்மலின் என்னும், திசு கெடாமல் காக்கும் திரவம் ஊற்றிய அகன்ற வாய்க் குப்பியில் போட்டுத் தருவார்கள். தண்ணீரிலோ வெறும் பஞ்சிலோ தந்தால் வாங்காதீர்கள், திசு கெட்டுவிடும். கட்டி முழுதும் மூழ்கியிருக்கிறதா, மூடி மேல் அல்லாமல் குப்பியின் உடல்மேல் உங்கள் பெயரும் எந்தப் பக்கத்துத் தோள் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைகைக்கரை அம்மா சொன்னது போன்ற நெறிக்கட்டியை எடுப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: ஃபார்மலின் காசநோய்க் கிருமியைக் கொன்றுவிடும் என்பதால், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஒரு துண்டைத் தனியாகச் சலைன் என்னும் உப்புக் கரைசலில் போட்டு அன்றே அனுப்ப வேண்டும்.